கருவுற்ற புதிதில் வைட்டமின் டி குறைவு: நீலகிரிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஹட்டிக்கும் (படகர் ஊர்) எஸ்டேட் லைனுக்குமாக நடந்த காலத்தில் இரும்புச் சத்தைப் பற்றித்தான் மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுவோம். வைட்டமின் டி என்ற பேச்சு அபூர்வம். இப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகாத பெண்கள்கூட லேப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஊட்டியில் வெயிலே கிடையாது, அதனால்தானே எங்களுக்கு இந்தக் குறைவு?

பாதிதான் சரி. வைட்டமின் டி-யை நம் தோலே தயாரிக்கிறது. அதற்கு வேண்டியது வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிர், வெயிலின் சூடு அல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வானம் தெளிந்திருக்கும் நாளில் மேட்டுப்பாளையத்து வெயிலைவிட ஊட்டி வெயில்தான் தோலுக்குக் கடுமை. சீசனுக்கு வருகிறவர்கள் குளுகுளு என்று சுற்றிவிட்டு, இரண்டே நாளில் மூக்கு உரிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

நம்மிடம் குறைவது வேறு. ஒன்று, தெளிந்த வானம். கனத்த மேகமும் மூடுபனியும் அந்தக் கதிரில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. மே மாதக் கடைசியில் கருவுற்ற கூடலூர்ப் பெண்ணுக்கு முதல் மூன்று மாதமும் மப்பிலேயே போய்விடும். இரத்தத்தில் இருக்கும் வைட்டமின் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால், கோடையில் சேர்த்தது ஆடி வரை தாங்காது.

இன்னொன்று நம் உடுப்பு. ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். கர்ப்பம் என்று தெரிந்துவிட்டால் "காத்து படக் கூடாது" என்று மாமியார் இன்னொரு துண்டையும் சுற்றிவிடுவார். வெயில் படுவதற்கு மூக்கு நுனிதான் மிச்சம்.

குழந்தைக்கு எலும்பே இன்னும் வரவில்லை. முதல் மூன்று மாதத்தில் இது எதற்கு?

நல்ல கேள்வி. பிறக்கும் குழந்தையின் எலும்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேருகிறது. ஆனால் தாயின் உடம்பு அதற்கு முன்கூட்டியே தயாராகத் தொடங்குகிறது. வைட்டமின் டி கல்லீரலில் ஒரு தரம், சிறுநீரகத்தில் ஒரு தரம் மாறித்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவம் முதல் மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். குடல் கால்சியத்தை உறிஞ்சும் அளவும் கர்ப்ப காலத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

குழந்தைக்கு வேண்டிய வைட்டமின் டி முழுவதும் தாயிடமிருந்துதான் போக வேண்டும். தாயிடம் மிகவும் குறைந்திருந்தால் குழந்தை குறைவோடுதான் பிறக்கும். பிறந்த சில நாளில் கால்சியம் இறங்கி வலிப்பு வருவது, உச்சிக்குழி மூட நேரமாவது, பின்னால் கால் வளைந்து ரிக்கெட்ஸ் ஆவது எல்லாம் கடுமையான குறைவில் நடக்கக்கூடியவை. குறைவை மெதுவாகத்தான் சரிசெய்ய முடியும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஏழாம் மாதத்தில் தேட ஆரம்பிப்பதைவிட இரண்டாம் மாதத்தில் ஆரம்பிப்பது நல்லது.

குறைவு இருந்தால் கரு கலைந்துவிடுமா? பயமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் போனில் தேடியவர்கள் கேட்பது இது. வைட்டமின் டி குறைந்த பெண்களிடம் கருச்சிதைவு, கர்ப்பகால சுகர், பிரஷர், எடை குறைந்த குழந்தை ஆகியவை சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தக் குறைவுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. வீட்டைவிட்டு வெளியே வராதவர், சத்தில்லாமல் சாப்பிடுகிறவர், எடை கூடியவர் எல்லோருக்குமே வைட்டமின் டி குறைவாக இருக்கும். அந்தக் காரணங்களும் கூடவே நிற்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 14 என்று இருப்பதால் கரு கலைந்துவிடும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஏற்கெனவே கரு கலைந்த அனுபவம் உள்ளவர்கள், அதற்கு இந்தக் குறைவுதான் காரணம் என்று தங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வழக்கமான கர்ப்பப் பரிசோதனைகளில் இது சேராது, வெளியே எடுத்தால் விலையும் கூடுதல். நாள்பட்ட இடுப்பு வலி, எலும்பு வலி உள்ளவர்கள், வலிப்பு மாத்திரையோ காசநோய் மருந்தோ சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாத குடல் நோய் உள்ளவர்கள், உடம்பு பூராவும் மூடி உடுத்துகிறவர்கள், எடை மிக அதிகமானவர்கள் டாக்டரிடம் கேட்டு எடுக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள் என்பேன்.

ரிப்போர்ட்டில் 45 என்று வந்திருக்கிறது, என் நாத்தனாருக்கு 18. எனக்கு நல்ல அளவுதானே?

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். நானோகிராம் (ng/mL) கணக்கு ஒன்று, நானோமோல் (nmol/L) கணக்கு ஒன்று. ஒரு நானோகிராம் என்பது இரண்டரை நானோமோல். உங்கள் 45 நானோமோலில் இருந்து, நாத்தனாரின் 18 நானோகிராமில் இருந்தால் இருவருக்கும் ஒரே அளவுதான்! இப்படி இரண்டு பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் நிம்மதியாகவும் ஒருவர் கண் கலங்கியும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுச் சொன்னதும் கண் கலங்கியவர் சிரித்துவிட்டார், மற்றவர் முகம்தான் வாடியது.

டெஸ்டின் பெயர் "25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி" என்று இருக்க வேண்டும். பெரும்பாலான லேப்கள் நானோகிராம் கணக்கில் 20-க்குக் கீழே குறைபாடு, 20 முதல் 30 வரை போதாது என்று அச்சடிக்கின்றன. 20 இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆகவே 24, 26 என்று சிவப்பு எழுத்தில் வந்தால் அலறிப் புடைக்க வேண்டாம். 12-க்குக் கீழே போனால்தான் உடனே கவனிக்க வேண்டிய நிலை.

உடம்பில் ஏதாவது தெரியுமா?

பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குறைவு கடுமையாகி நாள்பட்டால் இடுப்பு, தொடை எலும்பில் மந்தமான வலி, உட்கார்ந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருப்பது, மேடு ஏறும்போது தொடை தளர்வது எல்லாம் வரும். நம் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் மேடு ஏற வேண்டும், முதல் மூன்று மாதத்தில் அசதியும் சகஜம். அசதியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் இரத்தசோகையைப் பாருங்கள்.

காலையில் கண்ணாடி வராந்தாவில் வெயில் காய்கிறேன், போதாதா?

போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், புற ஊதா-பி கதிரை விடாது.

குன்னூரில் ஒரு பழைய வீடு. காரமடையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண், இரண்டாம் மாதம். மசக்கையில் சமையலறைப் பக்கமே போக முடியாமல், தினமும் கண்ணாடி வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். மடியில் ஆரஞ்சுத் தோல் (வாந்திக்கு முகர்ந்து பார்க்க), காலடியில் பூனை. முழங்கால் வரை வெயில் விழும். ரிப்போர்ட்டில் 11. "தினமும் ரெண்டு மணி நேரம் வெயில்லதான் இருக்கேன் சிஸ்டர், லேப்காரங்கதான் தப்பாப் போட்டிருக்காங்க" என்று சாதித்தாள். கண்ணாடியைத் தட்டிக் காட்டினேன். மறுநாளிலிருந்து நாற்காலி வாசற்படிக்குப் போனது, துணி காயும் கொடிக்குப் பக்கத்தில். பூனையும் கூடவே இடம் மாறியது. டாக்டர் மாத்திரையும் எழுதினார். மூன்று மாதம் கழித்து 27. இதில் வெயில் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பஸ், ஜீப், கார் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் எப்போது, எவ்வளவு நேரம்?

கடிகாரத்தைவிட உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் வேலை நடக்கும். நீளமாக இருந்தால் சுகமாக இருக்குமே தவிர, பெரிய பயன் இல்லை. விடிகாலை வெயில்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை அது தவறு. ஏழு மணி வெயில் எத்தனை இதமாக இருந்தாலும் சாய்ந்து வருவதால் கதிர் காற்றிலேயே வடிகட்டப்பட்டுவிடும்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், 11 பாகையில் இருக்கிறோம். அதனால் டிசம்பரிலும் உச்சிப் பொழுதில் நிழல் நம்மைவிடக் குட்டைதான். மார்கழியில் பத்தரை முதல் இரண்டு மணி வரை கிடைக்கும், சித்திரையில் இன்னும் நீளும். தை மாதம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில் பகலில் வானம் துடைத்துவிட்டது போலிருக்குமே, நம் மலையில் வருடத்தின் அருமையான வெயில் அதுதான். குளிர்கிறது என்று அன்றைக்குத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

கை முழங்கை வரை, கால் முழங்கால் வரை திறந்திருக்க, வாரத்தில் நாலைந்து நாள், 20 முதல் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலுக்கு நேரம் கூட வேண்டும், சிவந்த தோலுக்குக் குறைவாகப் போதும். முதுகுக்கு ஸ்வெட்டர் இருக்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் நிற்காமல் உட்காருங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தோல் சிவக்கும் வரை இருக்கக் கூடாது.

முகத்தில் மங்கு விழுகிறதே? கறுத்தும் போய்விடுவேனே?

கர்ப்பத்தில் மங்கு வருவது சகஜம், வெயில் அதைக் கூட்டும் என்பதும் உண்மை. முகத்துக்குத் துண்டோ தொப்பியோ போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். முகம் உடம்பில் சின்னப் பரப்பு, கையும் காலும்தான் வேலை செய்யும். வெயில் பட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் கொழுந்து எடுக்கிறவள். நாள் பூராவும் வெயில்தான். எனக்கும் குறையுமா?

குறையலாம். கொழுந்து எடுக்கிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று யோசியுங்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் ஈரம் படாமல் கட்டும் படங்கு, காலில் அட்டைக்கும் ஈரத்துக்கும் சாக்ஸ். வெளியே தெரிவது முகமும் கைவிரலும். ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களைவிட உங்கள் நிலை மேல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காராமல், சட்டைக் கையை மடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெயில் நேரமும் நிழல் கணக்கும் தானாகவே சரியாக வரும். சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செடிக்கு மருந்தடித்த அன்று அந்தப் பக்கம் வேலை வேண்டாம் என்று கர்ப்பத்தைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் மாதம் வரை மறைத்து வைக்கும் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்துக்காவது விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் சரிக்கட்ட முடியாதா?

கொஞ்சம்தான் முடியும். இந்தியர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் (IU) வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்னது, கர்ப்பிணிக்கும் அதே 600. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் இருக்கும். கணக்குப் போட்டால் பதினைந்து முட்டை! யாரால் முடியும்?

(அந்த நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. தொடங்கியது நம் குன்னூரில். 1918-இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அது வளர்ந்து 1958-இல்தான் ஹைதராபாத்துக்கு மாறியது. சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற வழியில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.)

மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள சின்ன மீன்கள் நல்லவை. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், கர்ப்பத்தில் தவிர்த்துவிடுங்கள். பால் பாக்கெட்டில் "+எஃப்" முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். ராகிக் களியில் கால்சியம் ஏராளம், 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் ராகியில் வைட்டமின் டி இல்லை. களியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் வாங்கிக்கொள்வதற்குத்தான் வைட்டமின் டி வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி: காளான். நம் மலையில் வளர்க்கும் மொட்டுக் காளான் இருட்டறையில் வளர்வதால் அப்படியே சமைத்தால் வைட்டமின் டி சொற்பம். நறுக்கித் தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சமையுங்கள். நம் தோலைப் போலவே அதுவும் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும், 100 கிராமில் 400 யூனிட் அளவுக்கும் ஏறும். கடையில் வாங்கிய காளானுக்குத்தான் இது. காட்டில் முளைத்ததைக் கர்ப்பத்தில் தொடவே வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில் வைட்டமின் டி உண்டா?

உண்டு, ஆனால் முதல் மூன்று மாதத்தில் இல்லை. இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. நாள் தள்ளியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருவது ஃபோலிக் ஆசிட். கால்சியம் மாத்திரை 14-ஆம் வாரத்திலிருந்துதான், தினம் இரண்டு. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும் இருக்கும். இரண்டும் சேர்ந்து 500 யூனிட். இதைப் பாதிப் பேர் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள், நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் மூன்று மாதத்துக்கு என்ன செய்வது என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறு. பிரிட்டனில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தினம் 400 யூனிட் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு எல்லோருக்கும் தேவையில்லை, குறைவு இருக்கலாம் என்று தோன்றினால் தினம் 200 என்கிறது. மழைக்காலத்தில் கருவுற்ற நம் மலைப் பெண்களுக்கு ஒரு சின்ன தினசரி அளவு நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

மெடிக்கலில் வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட் போடச் சொன்னார்கள். போடலாமா?

சீட்டில்லாமல் வேண்டாம். அந்தப் பாக்கெட்டில் இருப்பது 60,000 யூனிட். வாரத்துக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்கு 8,500-க்கு மேல் வருகிறது. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கத்தக்க உச்ச அளவு தினம் 4,000. குறைவு தெரிந்த கர்ப்பிணிக்கு தினம் 1,000 முதல் 2,000 வரை பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. கடுமையான குறைவுக்குச் சில டாக்டர்கள் வாரப் பாக்கெட்டும் எழுதுவதுண்டு. அப்போது எத்தனை வாரம் என்று சீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு லட்சம் யூனிட் ஊசியைக் கர்ப்பத்தில் யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு பெண் வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று கேட்டுக்கொண்டு பத்து நாள் போட்டுவிட்டாள். வாந்தி, தாகம், மலச்சிக்கல். வீட்டில் எல்லோரும் மசக்கை என்று விட்டுவிட்டார்கள். அடுப்படியில் காலிப் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது, குளுக்கோஸ் ஏற்றி இறக்கினார்கள். இந்தச் சத்து தண்ணீரில் போகாது, கொழுப்பில் தங்கிவிடும்.

இரும்பு, கால்சியம், தைராய்டு எல்லாம் இருக்கிறது. எதை எப்போது போடுவது?

தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். அதற்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். வைட்டமின் டி-யைச் சாப்பாட்டோடு, கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருக்கும் வேளையில் போட்டால் நன்றாக ஒட்டும். இரும்பு மாத்திரையை மட்டும் டீயோடு போடாதீர்கள். தேயிலை ஊரில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மசக்கையில் மாத்திரை தங்கவில்லை என்றால் வாந்தி அடங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள், பலருக்கு இரவில் தங்கும். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தை பிறந்த பிறகு?

தாய்ப்பாலில் ஏறத்தாழ எல்லாம் உண்டு, ஆனால் வைட்டமின் டி குறைவு. அதனால் பிறந்த சில நாளிலிருந்தே தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். பாட்டில் வாங்கும்போது ஒரு மில்லியில் 400 யூனிட்டா 800 யூனிட்டா என்று லேபிளைப் பாருங்கள், இரண்டும் கடையில் கிடைக்கும். 800 என்றால் அரை மில்லிதான். தம்பிக்கு வாங்கும்போது அண்ணனுக்கு ஊற்றிய அதே அளவை ஊற்றிவிடாதீர்கள்.